எக்ஸ்சேஞ்ச் அக்கா மறுபடி லைனில் வந்தாள்

நாலாவது மாடி இடது பக்க வீட்டில் இருப்பவளை அந்தக் குடியிருப்பே எக்ஸ்சேஞ்ச் அக்கா என்றுதான் கூப்பிடும். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அக்கா என்பார்கள். அது உறவு இல்லை, பதவி. இருபத்தாறு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் ஹெட்போனும் வாயில் பதிலுமாக உட்கார்ந்திருந்தவள். ஒரு நாளைக்கு ஆயிரம் பேரிடம் "லைன்ல இருங்க" என்று சொல்லியிருப்பாள். அவளிடம் வாயைக் கொடுத்துவிட்டு முழுசாகத் திரும்பியவர்கள் குறைவு.

அப்படிப்பட்டவளுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. உயிர் வேண்டுமென்றால் குரல்வளையை எடுத்தாக வேண்டும், பன்னிரண்டு நாளில் ஆபரேஷன் என்றார். அவள் வீட்டுக்காரர் லாரி மெக்கானிக், இரண்டு ஆள் தூக்கும் கியர் பெட்டியை ஒற்றை ஆளாகத் தூக்குகிறவர். அவர்தான் ஆஸ்பத்திரி வாசலில் தேம்பித் தேம்பி அழுதார். அக்கா வீட்டுக்கு வந்ததும் துணி பீரோவைத் திறந்து, மடித்து வைத்த துணிகளுக்கு நடுவில் ஒரு மைக்கைச் சொருகி, தலையை உள்ளே நுழைத்துக்கொண்டு, தமிழ் எழுத்து இருநூற்று நாற்பத்தேழையும் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பதிவு செய்தாள். துணிக்குள் பேசினால் எதிரொலி வராது என்பது அவள் கணக்கு. யாரும் எந்தச் சொல்லிலும் எழுதாத 'ஙௌ'வைக்கூட அவள் விடவில்லை.

"அது எதுக்கும்மா?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

"இருக்கட்டுமே. உங்களைத் திட்டறப்ப உதவும்."

ஆபரேஷன் முடிந்து, கழுத்தில் மூச்சுக்கு ஒரு துளையோடு வீட்டுக்கு வந்தவள், ஒரு மூலையில் முடங்கிவிடுவாள் என்றுதான் சொந்தக்காரர்கள் நினைத்தார்கள். அவள் போய் உட்கார்ந்த மூலையில் ஒரு பழைய வீட்டுக் கம்ப்யூட்டர் இருந்தது. ஆபீஸில் கம்ப்யூட்டர் நுழைந்த காலத்தில், தான் மட்டும் பின்தங்கிவிடக் கூடாது என்று வீம்புக்கு வாங்கிப் போட்டது. கீபோர்டும் மூளையும் ஒரே பெட்டியில் இருக்கும், படத்துக்கு ஒரு சின்ன டி.வி. ஏழு மாதம் அதன் முன்னால் உட்கார்ந்து, புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து அவளே ஒரு புரோகிராம் எழுதினாள். எழுதியதைத் தட்டினால், பீரோவுக்குள் சொன்ன எழுத்துகளை அது தேடி எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, அவள் குரலிலேயே பேசும். கொஞ்சம் கரகரப்பு இருக்கும். ஆனால் அது அவள்தான், சந்தேகமே இல்லை.

ஒரே ஒரு கோளாறு. அந்தக் கம்ப்யூட்டருக்கு வேகம் போதாது. ஒரு வாக்கியத்தைத் தட்டிவிட்டு எட்டு நொடி காத்திருக்க வேண்டும். எட்டு நொடியில் சண்டையே முடிந்துவிடும். அந்த நாட்களில் ஒரே ஒரு தடவை ஃபோனில் பேசிப் பார்த்தாள். எதிர்முனையில் "ஹலோ, ஹலோ" என்று இரண்டு முறை கேட்டுவிட்டு, ஏதோ விளம்பரம் என்று நினைத்து வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் ஃபோனைத் தொடவே இல்லை. மணி அடித்தால் வீட்டுக்காரர்தான் எடுப்பார். இருபத்தாறு வருஷம் ஊரையே இணைத்தவள், ஃபோன் அடித்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். அவளை உள்ளுக்குள் அரித்தது அது ஒன்றுதான்.

அடுத்த வருஷம் எங்கெங்கோ விசாரித்து ஒரு ஆக்சிலரேட்டர் போர்டு வாங்கினாள்.

"ஆக்சிலரேட்டர்னா காலால மிதிக்கறதுதானே? இதை எங்க மிதிக்கறது?" என்றார் வீட்டுக்காரர்.

உள்ளங்கையளவு பலகை. அதில் இன்னும் வேகமான மூளை ஒன்று இருக்கும். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பள்ளத்தில் அதைச் சொருகினால், பழைய மூளை ஒதுங்கிக்கொண்டு புதியது வேலையை எடுத்துக்கொள்ளும். பக்கத்தில் இருக்கும் சின்ன சுவிட்சைத் தட்டினால் மறுபடி பழைய வேகம். போர்டு வந்த நாளிலிருந்து, அவள் தட்டி முடித்த மறு நொடி குரல் வந்தது. காய்கறிக்காரர், பால்காரர், மாடிப்படி பெருக்குகிறவர் என்று எல்லோரும் பழையபடி அவளுக்குப் பயப்பட ஆரம்பித்தார்கள். ஃபோன் பக்கம் மட்டும் அவள் போகவில்லை.

இப்போதுதான் செல்போனிலேயே பேசும் வசதி வந்துவிட்டதே என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு அக்காவிடம் ஒரே பதில். "அதுல ஒருத்தி செய்தி வாசிக்கற மாதிரி பேசறா. அவ யாருன்னே எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர்கிட்ட பேச அவ எதுக்கு?"

கதைக்கு வருவோம். குடியிருப்பில் லிஃப்ட் நின்று இரண்டு வருஷம் ஆகிவிட்டது. கழுத்துத் துளை வழியாக மூச்சு விடுகிறவள், நாலு மாடி ஏற ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று ஏற வேண்டும். அஞ்சாவது மாடிக் கணக்கு வாத்தியார் முட்டி வலியால் ஆறு மாதமாகக் கீழேயே இறங்கவில்லை. சங்கத்துச் செயலாளரைக் கேட்டால், "கம்பெனிக்காரங்ககிட்ட பேசிட்டிருக்கோம்" என்பார். பதினோரு வருஷமாகச் செயலாளராக இருப்பவர். வெள்ளைச் சட்டையும், எப்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்த புன்னகையும். இந்தத் தடவை தேர்தலில் அவரை எதிர்த்து அக்கா நின்றாள்.

அறிமுகக் கூட்டம் கீழே கார் நிறுத்தும் தகரக் கொட்டகையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு. வீட்டுக்காரர் கம்ப்யூட்டர், டி.வி., ஸ்பீக்கர் எல்லாவற்றையும் சக்கரம் வைத்த மரப்பெட்டி ஒன்றில் கட்டி, நாலு மாடி சுமந்து இறக்கினார். அக்கா நன்றாகத்தான் ஆரம்பித்தாள். "லிஃப்ட் கம்பெனிக்கு எத்தனை தடவை ஃபோன் பண்ணினீங்க?" என்று தட்டினாள்.

"லி லி லி லி லி லி" என்றது பெட்டி. நிற்கவே இல்லை. எந்தப் பொத்தானை அழுத்தியும் பயனில்லை. கூட்டம் முதலில் திகைத்தது, பிறகு ஒருவர் சிரிக்க, எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்காரர் பாய்ந்து மின்சாரத்தைப் பிடுங்கினார்.

செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை. அதைவிட மோசமான ஒன்றைச் செய்தார். "யாரும் சிரிக்காதீங்க. பாவம், அக்காவைச் சிரமப்படுத்த வேண்டாம். ஓட்டுப் போடற அன்னிக்கு அவங்க பேச வேண்டியதை எழுதிக் குடுக்கட்டும், நானே வாசிச்சுடறேன்." கூட்டம் கைதட்டியது. எத்தனை நல்ல மனசு பாருங்கள்! எதிர்த்து நிற்பவளின் வாயை அடைத்து, அதற்குக் கைதட்டலும் வாங்கிக்கொண்டு போனார் மனிதர்.

ஓட்டெடுப்புக்கு இரண்டு வாரம் இருந்தது. பேச்சு இல்லையென்றால் அக்காவுக்கு அந்தத் தேர்தலும் இல்லை, லிஃப்டும் இல்லை. புரோகிராமைப் புதுக் கம்ப்யூட்டருக்கு மாற்றி எழுத ஒரு வருஷம் பிடிக்கும். இந்தப் போர்டைச் சரிசெய்வது ஒன்றே வழி.

எக்ஸ்சேஞ்சில் ஒரு பழக்கம் உண்டு. பழுது வந்தால் யாரும் உடனே கை வைக்க மாட்டார்கள், முதலில் பழுதுச் சீட்டு எழுதுவார்கள். எத்தனை மணிக்கு, என்ன செய்துகொண்டிருந்தபோது, எப்படி நின்றது. அக்கா அதேபோல் சீட்டு எழுதினாள். அஞ்சு நாளில் ஒன்பது சீட்டு சேர்ந்தது. எல்லாவற்றையும் மேஜையில் பரப்பிப் பார்த்தாள். காலை பத்து மணிக்குள் ஒரு தடவைகூட நிற்கவில்லை. போட்ட முதல் கால் மணி நேரத்தில் நிற்கவில்லை. மதியத்துக்கு மேல், பெட்டி சூடேறிய பிறகுதான் திக்குகிறது. சுவிட்சைத் தட்டிப் பழைய வேகத்துக்குப் போனால் எத்தனை நேரமானாலும் பிசகில்லை. எனவே கோளாறு போர்டில்தான், அதுவும் சூட்டில்தான்.

சீட்டுகளோடு வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குப் போனாள். கடைக்காரர் பெட்டியைப் பார்த்ததும், "இதைக் கண்ணாடிப் பெட்டில வெச்சு டிக்கெட் போடலாமே" என்றார். அக்கா நோட்டில் எழுதிக் காட்டினாள்: 'முதல் டிக்கெட் உங்களுக்கு இலவசம். இப்ப வேலையைப் பாருங்க.' மனிதர் அதற்குப் பிறகு ஒழுங்காகப் பார்த்தார். போர்டில் மின்சாரத்தைத் தேக்கும் கண்டென்சர்களில் நாலு தலை உப்பியிருந்தன. "இதுதான் ஆசாமி" என்று நாலையும் மாற்றிப் புதிது வைத்தார். போர்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, "சொருகற முனைல ஏதோ பிசுக்கு இருந்துச்சு, தொடச்சுட்டேன்" என்றார்.

அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வீட்டுக்காரர் போட்டுக்கொண்டார். அவர் முகம் ஒரு மாதிரி ஆகி, கடையில் தொங்கிய காலண்டரை உற்றுப் பார்க்கத் தொடங்கியதை அவளும் கவனித்தாள். ஏன் என்றுதான் புரியவில்லை.

ஒரு நாள் முழுக்கப் போர்டு நன்றாக வேலை செய்தது. அக்கா சந்தோஷத்தில் முதல் மாடித் தையல்காரம்மாவை மேலே வரச்சொல்லி இரண்டு மணி நேரம் வம்பளந்தாள். மறுநாள் மதியம், "சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டபோது "சா சா சா சா" என்று மாட்டிக்கொண்டது. கடைக்காரரிடம் திரும்பப் போனால், "இனி போர்டையே மாத்தணும்மா, இந்தப் போர்டு உலகத்துலயே இப்ப கிடைக்காது" என்று கையை விரித்தார்.

அன்று அக்கா உண்மையிலேயே உடைந்துபோனாள். ஓட்டெடுப்புக்கு இன்னும் மூன்று நாள். நோட்டில் எழுதினாள்: 'பேரை வாபஸ் வாங்கிடறேன்னு சொல்லிட்டு வாங்க.' வீட்டுக்காரர் அதைப் படித்தார். செருப்பைப் போட்டார். கழற்றினார். மறுபடி போட்டார். "நாளைக்குச் சொல்றேனே" என்று சொல்லிவிட்டு ஒர்க்‌ஷாப்புக்கு ஓடிவிட்டார்.

தனியாக உட்கார்ந்தவளுக்கு ஒரு விஷயம் உறுத்தியது. துடைத்த பிறகு ஒரு நாள் நன்றாக இருந்ததே, அது எப்படி? கண்டென்சர் மாற்றியதால் சரியாகியிருந்தால் சரியாகவே இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு மட்டும் எது சரியாகும்? எக்ஸ்சேஞ்சில் பத்துப் பழுதில் ஒன்பது பழுது இரண்டு உலோகம் தொட்டுக்கொள்ளும் இடத்தில்தான் இருக்கும். கடைக்காரர் துடைத்தது போர்டின் முனையை. அந்த முனை போய்ச் சொருகும் பள்ளம் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. அதற்குள் யாரும் பார்க்கவில்லை.

திருகாணிகளைக் கழற்றிப் போர்டை வெளியே எடுத்தாள். தடித்த காகிதத்தை நீளமாகக் கத்தரித்து, ஸ்பிரிட்டில் நனைத்துப் பள்ளத்துக்குள் விட்டு இழுத்தாள். எக்ஸ்சேஞ்சில் தொடுமுனைகளைத் துடைப்பது இப்படித்தான். காகிதத்தில் பழுப்பு மஞ்சளாக ஒரு கோடு வந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு மூக்கு வழியாக மூச்சு போவதில்லை, அதனால் அவளுக்கு வாசனை தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. முப்பது வருஷமாக வீட்டுக்காரர் சட்டையில் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் போகாத அதே நிறம். லாரி கிரீஸ்.

சரியாக அந்த நேரம் பார்த்து அவர் வீட்டுக்குள் நுழைந்தார். காகிதத்தைப் பார்த்தார். அவள் கண்ணைப் பார்த்தார். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"போன மழைக்காலத்துல நீ பரிசோதனைக்கு ஆஸ்பத்திரில ரெண்டு நாள் படுத்திருந்தே இல்ல, அப்ப தொறந்து தூசி தட்டினேன். அந்த முனையெல்லாம் வெறிச்சுனு கிடந்துச்சு. லாரி பேட்டரி முனைல நாங்க கிரீஸ் தடவுவோம்மா, உப்புப் பூக்காது, துரு ஏறாது. உன் குரலுக்குத் துரு ஏறிடக் கூடாதேன்னு…"

உலகத்தில் வேறு யாரும் செய்திருக்க முடியாத தப்பு அது. மெல்லிசாக விரலால் தடவியிருக்கிறார். ஈரக்காலம் வரைக்கும் பிரச்சினை இல்லை. வெயில் ஏற ஏற அது இளகித் தூசியைச் சேர்த்துக்கொண்டு தொடுமுனைகளுக்கு நடுவில் படலமாகப் படர்ந்துவிட்டது. கடைக்காரர் துடைத்தது ஒரு பக்கத்தை, மறு பக்கத்திலிருந்து அது திரும்பவும் ஒட்டிக்கொண்டது.

அக்காவுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் பாருங்கள், திட்டுவதற்கு வேண்டிய வாய் மேஜையில் இரண்டு துண்டாகக் கிடந்தது. நோட்டில் எழுதித் திட்டினால் திட்டின மாதிரியே இருக்காது. எனவே முதலில் வாயைச் சரிசெய்தாள். பள்ளத்தில் எண்பத்தாறு தொடுமுனைகள். ஒவ்வொன்றுக்கும் புதுக் காகிதம், ஸ்பிரிட், இழுப்பு. காகிதம் வெள்ளையாக வரும்வரை விடவில்லை. வீட்டுக்காரர் டார்ச் பிடித்தார். காகிதம் கத்தரித்தார். தன்னைத் திட்டுவதற்காகத்தான் இத்தனை ஏற்பாடும் என்று தெரிந்தேதான் பிடித்தார். அதற்கும் ஒரு மனசு வேண்டும்.

மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு வேலை முடிந்தது. வெயில் மேஜைமேல் விழுந்துகொண்டிருந்தது. போர்டைச் சொருகி, திருகாணி போட்டு, சுவிட்சைத் தட்டினாள். சுடச்சுட ஆரம்பித்தாள்.

"லாரிக்கும் எனக்கும் வித்தியாசம் தெரியாதா உங்களுக்கு? முப்பது வருஷம் குடும்பம் நடத்தினது என்கூடவா, இல்ல பேட்டரிகூடவா?"

அது வெறும் முன்னுரை. அதன் பிறகு கிரீஸில் தொடங்கி, கல்யாணமான புதிதில் அவர் தொலைத்த குடை, அவள் தங்கைக்குப் பிறந்த பிள்ளையைப் பார்க்கப் போய் அவர் மட்டும் வேறு ஆஸ்பத்திரியில் காத்திருந்தது, கடையில் பார்த்த காலண்டர், எல்லாம் வந்தது. நடுவில் அவர் "நான் என்ன சொல்றேன்னா" என்று வாயைத் திறந்தபோது, அத்தனை வருஷம் ஒருத்தருக்கும் பயன்படாத அந்த 'ஙௌ'வை அழுத்தினாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

நாற்பது நிமிஷம் ஆனது. வீட்டுக்காரர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே இருந்தவர், திடீரென்று நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்துத் துள்ளி எழுந்தார்.

"நிக்கலைம்மா! நாப்பது நிமிஷம், இந்த வெயில்ல, ஒரு தடவகூட நிக்கலை! திட்டு, இன்னும் திட்டு!"

அக்கா பெட்டியின் மேல் கை வைத்துப் பார்த்தாள். கொதித்தது. குரல் திக்கவில்லை. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. சத்தமில்லாத சிரிப்புதான், ஆனால் தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். எதிரில் அந்தப் பெரிய மனிதர் சட்டைக் கையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை அதே கொட்டகை. தகரம் பழுக்கக் காய்ந்தது. இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கணக்கு வாத்தியார்கூட இறங்கி வந்திருந்தார். செயலாளர் மைக்கைப் பிடித்தார்.

"அக்காவால பேச முடியாதுன்னு நமக்கெல்லாம் தெரியும். பாவம், அவங்க எழுதிக் குடுத்ததை நான்…"

"நான் எதுவும் எழுதிக் குடுக்கல. நீங்க உக்காருங்க."

செயலாளர் மைக்கை இன்னும் வாயருகேதான் பிடித்திருந்தார். அவர் பேச்சு முடியக்கூட இல்லை, அதற்குள் நடுவில் வெட்டிவிட்டாள். கூட்டம் ஓ என்று சிரித்தது. இந்த முறை சிரிப்பு யாரைப் பார்த்து என்று யாருக்கும் சந்தேகம் இல்லை. அக்காவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒருத்தர் பேசும்போது குறுக்கே புகுந்து பேசுவது எவ்வளவு பெரிய சுகம் என்று அதை இழந்தவளுக்குத்தான் தெரியும்.

செயலாளர் லேசுப்பட்டவர் இல்லை. சுதாரித்துக்கொண்டார். "சரி அக்கா. நீங்க ஜெயிச்சா லிஃப்ட் கம்பெனிக்கு ஃபோன்ல பேசணுமே? உங்களால ஃபோன்ல பேச…"

விரல்கள் அவளைக் கேட்காமலே தட்டின. "முடியும். நாளைக்குக் காலைல பத்து மணிக்கு என் வீட்டுக்கு வாங்க. எல்லார் முன்னாலயும் பேசறேன்."

கை தூக்கி எண்ணினார்கள். செயலாளருக்குப் பதினாலு, அக்காவுக்கு முப்பத்தொன்று. கணக்கு வாத்தியார் இரண்டு தடவை எண்ணிச் சரிபார்த்தார்.

மறுநாள் காலை நாலாவது மாடி வீட்டில் நிற்க இடமில்லை. தையல்காரம்மா கட்டிலின் மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டார். பழைய செயலாளரும் வந்திருந்தார், புன்னகையைச் சாய்த்துக்கொண்டு வாசலருகே நின்றார். வீட்டுக்காரர் லிஃப்ட் கம்பெனி நம்பரை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுப் பெட்டி அருகே பிடித்தார். மணி அடித்தது. மூன்றாவது மணியில் ஓர் ஆள் எடுத்தார்.

"வணக்கம், சொல்லுங்க."

"வணக்கம். எங்க குடியிருப்புல லிஃப்ட் நின்னு ரெண்டு வருஷமாச்சு. எப்ப வந்து பாப்பீங்க?"

அவ்வளவுதான் தட்டினாள். எதிர்முனை வைக்கவில்லை. "ஹலோ ஹலோ" என்று கேட்கவில்லை. "ஒரு நிமிஷம் மேடம்" என்று ஏதோ புரட்டும் சத்தம் கேட்டது. "உங்க முகவரிலேர்ந்து ரெண்டு வருஷமா ஒரு புகாரும் வரலையே மேடம்? யாரும் கூப்பிடவே இல்லையே?"

அறையில் இருந்த அத்தனை தலைகளும் வாசல் பக்கம் திரும்பின. அங்கே யாரும் இல்லை. மாடிப்படியில் யாரோ அவசரமாக இறங்கும் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

"இப்ப நான் கூப்பிடறேன். எழுதிக்குங்க" என்றாள் அக்கா.

"சரி மேடம். ஆனா ஆள் பற்றாக்குறை, அடுத்த மாசம்தான்…"

"அடுத்த மாசம் பேச்சே வேணாம். அஞ்சாவது மாடில முட்டி வலியோட ஒருத்தர் ஆறு மாசமா சிறைல இருக்கார். இந்த வாரம் எந்த நாள், அதை மட்டும் சொல்லுங்க."

எதிர்முனை தடுமாறியது. அந்தத் தடுமாற்றத்தை அக்காவுக்கு நன்றாகத் தெரியும். எக்ஸ்சேஞ்சில் தினமும் கேட்டது. அந்த ஆளுக்கு அவள் கழுத்துத் துளை தெரியாது, பெட்டி தெரியாது, பாவமும் தெரியாது. கோபமாக இருக்கும் ஒரு பெண்ணிடம் பேசுகிறோம் என்பது மட்டும்தான் தெரியும்.

"மேடம், நான் மேனேஜருக்கே குடுக்கறேன். கொஞ்சம் லைன்ல இருங்க."

அக்காவின் விரல் ஒரு நொடி அப்படியே நின்றது. கண்ணில் நீர் முட்டியது. வீட்டுக்காரர் பதறிப்போய்ப் போர்டுப் பக்கம் பார்த்தார். அவள் தலையை அசைத்து, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுத் தட்டினாள்.

"இருக்கேன்."